மலை சுற்றி முடியும் வரை

கோர்ட்டில் எனக்கு மனுதாரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதையே ரேஷன் கார்டில் தப்பாக எழுதிக்கொடுத்த பெயர் இன்னொன்று உண்டு. ஆனால் எனக்கு நல்லது செய்த பெயர் இந்த மூன்றாவதுதான். அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் என் மாமனார். அதாவது, மாமனார் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. குடும்ப வழக்குக்கென்று தனிக் கோர்ட் என்பதெல்லாம் அப்போது பெரிய நகரங்களோடு சரி. எங்கள் ஊரில் வரப்புத் தகராறு, கடைக்காரன் காலி செய்யாத தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே நடந்தன. என் மனுவுக்கு முந்தியது ஒரு கிணற்று வழக்கு. அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் யார் எந்தக் கிழமை மோட்டார் போடுவது என்று வந்திருந்தார்கள். நீதிபதி அவர்களுக்கு முறை பிரித்து எழுதினார். அந்தப் பேனா மை காய்வதற்குள் என் மகளை நான் எந்தக் கிழமை பார்ப்பது என்பதற்கு வந்துவிட்டார்.

அந்தக் கிணற்று மோட்டாருக்குப் போன கோடையில் செப்புக்கம்பிக் காயில் கட்டியவன் நான்தான். அதுதான் என் தொழில். தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. சுற்றுவட்டாரத்தில் வோல்டேஜ் கம்மியாகி மோட்டார் எரிந்தால் மாட்டுவண்டியிலோ டிராக்டரிலோ ஏற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எரிந்த கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுசாகச் சுற்றிக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு அப்படிச் சுற்றிக்கொடுக்கும் கடை எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் தொழில் பாசத்தில் நானே முதல் ஆளாகப் போயிருப்பேன்.

நானும் என் மனைவியும் பிரிந்ததில் பெரிய சண்டை கிடையாது. ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவளுக்கு முடிவு தெரிய வேண்டும், எனக்குச் சிரிப்பு வர வேண்டும். அவளுக்கு முடிவும் தெரியவில்லை, சிரிப்பும் வரவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டோம். அவள் கைக்குழந்தையோடு கீழ்பென்னாத்தூருக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு மூன்று வயது தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரில் எந்தக் குழந்தை எதிரே வந்தாலும் இது என் மகளாக இருக்குமோ என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அவளும் என்னைத் தெருவில் பார்த்தால் யாரோ என்றுதான் போவாள். அவளுக்கு என் முகம் தெரிய வேண்டும். மனுவில் வக்கீல் பக்கம் பக்கமாக எழுதினார், ஆனால் நான் கேட்டது அவ்வளவுதான்.

நீதிபதி தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதிது. “மாசம் ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் பார்க்கலாம். எந்த நாள் உங்களுக்கு வசதி?” என்று நேராக என்னையே கேட்டார்.

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். “பௌர்ணமிங்க ஐயா.”

அதில் எனக்கு மூன்று கெட்டிக்காரத்தனங்கள் தெரிந்தன. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் தெருவில் வண்டி விட மாட்டார்கள், மோட்டார் வராது, எனக்கு லீவு. மாமனார் மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர், அவருக்குத் தனியாக அலைச்சல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கிழமை தேதி என்றால் மறந்துபோச்சு, குழம்பிப்போச்சு என்று சொல்லலாம். நிலாவை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கோர்ட்டில் எல்லாவற்றுக்கும் வாய்தா வாங்குகிறார்கள், பௌர்ணமிக்கு எவன் வாய்தா வாங்குவான்?

மாமனார் எழுந்தார். “எனக்கும் தோதுதாங்க. நான் எப்படியும் வரேன்.”

“சரி. கோயில் பெரிய கோபுர வாசல். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்” என்று எழுதினார் நீதிபதி.

வெற்றி வீரனாக வெளியே வந்தேன். வராந்தாவில் வக்கீல் நிதானமாகக் கேட்டார். “அடுத்த பௌர்ணமி எதுன்னு தெரியுமா?”

“எது சார்?”

“சித்திரைப் பௌர்ணமி.”

“ரொம்ப விசேஷம் சார். நல்ல நாள்லதான் ஆரம்பிக்குது.”

கருகிப்போன மோட்டாரை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி அவர் என்னைப் பார்த்தார்.

சித்திரைப் பௌர்ணமியன்று மதியமே குளித்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை உடுத்தி, விபூதி பூசி, கையில் ஒரு பொம்மையோடு கோபுர வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று அத்தனை அக்கறையான அலங்காரம். அங்கே போய்ப் பார்த்தால் ஊர் ஜனம் முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி. வட ஆற்காடு, தென் ஆற்காடு இரண்டும் அந்த வாசலில்தான் நின்றன. நான் நின்றது வாசலுக்கு இடது பக்கம். நின்றேன் என்று சொல்வதுகூடப் பெருமைக்குத்தான், ஒரு கால்தான் தரையில் இருந்தது. தர்ம தரிசனக் கூட்டம் ஒரு அலை அடித்தது. அது என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கோபுரத்துக்கு உள்ளே போட்டது. பின்னால் வந்த அலை இன்னும் உள்ளே போட்டது. “நான் சாமி கும்பிட வரலீங்க” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். நான் கேட்காமலேயே எனக்குச் சன்னிதி தரிசனம் கிடைத்தது. வெளியே வந்து விழுந்தபோது மணி ஆறு தாண்டியிருந்தது, பொம்மைக்கு ஒரு கையில்லை.

அடுத்த முறை கோர்ட்டில் கூப்பிட்டபோது அவர்கள் தரப்பு வக்கீல், மனுதாரர் வரவே இல்லை என்றார். நான் வந்தேன், அவர்கள்தான் வரவில்லை என்றேன். மாமனாருக்கு வந்ததே கோபம்.

“நானு பூக்கடை ஓரமா புள்ளைய தோள்மேல வச்சிக்கினு நாலு மணியிலருந்து நிக்கறேங்க. தோள்பட்டை எறங்கிப்போச்சு, அன்னிக்கு மலைகூட சுத்தல. இந்தாளு இன்னான்னா, சாமி பாக்க உள்ள போயிட்டாராம்.”

“போகலீங்க ஐயா. தள்ளிக்கினு போயிட்டாங்க. புள்ளைக்கு வாங்கியாந்த பொம்மைக்குக்கூட ஒரு கை போச்சுங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “நான் என்ன, நிலாவுக்குச் சம்மன் அனுப்பியா விசாரிக்க முடியும்?”

கூடமே சிரித்தது. என்னைத் தவிர வேறு ஒருவர் சொல்லி ஊர் சிரிப்பதை அன்றுதான் கேட்டேன். அது அவ்வளவு நன்றாக இல்லை. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். “இன்னும் ஒரு பௌர்ணமி பார்ப்போம். அப்பவும் இப்படின்னா இந்த ஏற்பாடே வேணுமான்னு யோசிக்க வேண்டி வரும். உங்க சண்டை எதுவா இருந்தாலும், குழந்தையைக் கூட்டத்துல நிக்க வைக்கிறது நியாயம் இல்லை.”

படி இறங்கும்போது மாமனார் என்னைக் கடந்து போனார். முன்பெல்லாம் மாப்ள என்பார். அதற்கு இப்போது வழியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை போலிருக்கிறது. ஒரு கணம் தேடினார். பிறகு கோர்ட்டில் அன்று முழுக்கக் காதில் விழுந்த வார்த்தையையே எடுத்துக்கொண்டார்.

“இன்னா மனுதாரரே, பொம்மைக்குக் கைய ஒட்டிட்டீங்களா?”

வைகாசிப் பௌர்ணமிக்கு நான் தலைக்கு மேல் யோசித்தேன். நிஜமாகவே தலைக்கு மேல். கூட்டத்தில் ஒரு மனிதனைத் தேட முடியாது, ஆனால் கூட்டத்துக்கு மேலே ஒன்று தெரிந்தால் தேட வேண்டியதில்லை. கோயில் வாசல் பலூன்காரர் ஒருவர் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அவருடைய மூங்கில் கம்பைப் பலூனோடு இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டேன்.

“வித்தா எனக்கு. வெடிச்சா உனக்கு” என்று சொல்லிக் கொடுத்தார்.

இந்த முறை பூக்கடை ஓரமாகவே நின்றேன். தலைக்கு மேலே மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஒரு கொத்து ஆடியது. நான் பலூன் விற்க வரவில்லை என்பது எனக்கும் கம்பின் சொந்தக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வந்த குழந்தைகள் எல்லாம் என் வேட்டியைப் பிடித்து இழுத்தன. “விக்கறதுக்கு இல்ல கண்ணு” என்றால் அவற்றின் அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “பின்ன வேண்டுதலா?” என்று ஒருத்தி கேட்டாள். யோசித்தால் அவள் கேட்டது சரிதான். இன்னொரு பலூன்காரன் வந்து, இது என் இடம், புதுசா யார்ரா நீ என்று சட்டையைப் பிடித்தான். போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் கம்பைத் தட்டி, “ஏ பலூனு, ஓரமா போ” என்றார். மனுதாரருக்கு அடுத்து எனக்கு நான்காவதாக ஒரு பெயர்.

மணி நாலரை தாண்டியது. ஐந்தை நெருங்கியது. இன்றைக்கும் இல்லை, அடுத்த வாரம் நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார், அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் கொஞ்ச தூரத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வைகாசி வெயில். மேகத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் மழைக்கோட்டு போட்ட ஒரு குழந்தை, ஒருவர் தோளில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது. தலையில் குல்லாய் முதற்கொண்டு மாட்டியிருந்தது.

அவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். மாமனார் என்னையும் பலூன்களையும் ஏற இறங்கப் பார்த்தார். நான் குழந்தையையும் மழைக்கோட்டையும் பார்த்தேன்.

“எம் பொண்ணுதான் போட்டு அனுப்பிச்சா” என்றார். “கூட்டத்துல உங்க கண்ணுல படணுமாம்.”

நானும் அவளும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரே நேரத்தில் ஒரே மாதிரி யோசித்தது எங்கள் கல்யாணத்தில் அதுதான் முதல் தடவை. என்ன, கல்யாணம் முறிந்துபோய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தோளிலிருந்து இறங்கிய என் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பலூனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“எவ்ளோ?”

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்குக் கம்பைத்தான் அவள் பக்கம் தாழ்த்தினேன்.

“சும்மாதாம்மா” என்றேன்.

அவள் நம்பவில்லை. “சும்மாவாம் தாத்தா.”

“சும்மா இல்ல. அது உங்கப்பா.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பான்னா பலூன் விப்பாங்களா?”

“தோ, மனுதாரர் விக்கறாரு பாரு.”

முகமெல்லாம் வேர்த்து வழிந்தது குழந்தைக்கு. கம்பை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து, அவள் மழைக்கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே கவுன் தொப்பலாக நனைந்திருந்தது. வெளியே வெயில், கோட்டுக்குள்ளே மழை. மேல்துண்டால் துடைத்து விசிறினேன். தகப்பன் என்று நான் செய்த முதல் வேலை அதுதான்.

அவள் கைக்கு வந்த முதல் பலூன் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பூக்கடைக் கம்பியில் பட்டு வெடித்தது. அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கண்ணை மூடித் திறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்தவே முடியாத சிரிப்பு. அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரிந்துவிட்டது.

“போச்சுடா” என்றார். “இங்கயும் ஆரம்பிச்சிடுச்சா?”

ஆறு மணிக்குக் குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் ஆச்சு. குடுங்க” என்று கை நீட்டினார். எடுத்ததும் அவள் சிணுங்கினாள். திருப்பி என் தோளில் போட்டதும் அடங்கினாள். மாமனார் மலையைப் பார்த்தார். போன மாதம் சுற்றாமல் விட்டது அவருக்கு மனசில் முள்ளாக இருந்திருக்க வேண்டும். பிறகு தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இன்னா முழிக்கிறீங்க? தூக்கிக்கினு நடங்க.”

“ஆறு மணி வரைக்கும்னுதானே கோர்ட்டுல...”

“ஆறு மணி வரைக்கும் பாக்கலாம்னு சொல்லிச்சு. ஆறு மணிக்கு மேல தூக்கக்கூடாதுன்னு சொல்லிச்சா?”

என் வக்கீலுக்கே இந்த வாதம் தோன்றியிருக்காது. செருப்பைப் பூக்கடையில் விட்டுவிட்டு நடந்தோம். நான் குழந்தையைச் சுமந்தேன், அவர் பலூன் கம்பைச் சுமந்தார். ஊரில் கௌரவமான மனிதர், ஏரிப் பாசனச் சங்கத்தில் பேச்சு எடுபடுகிறவர். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு அவர் பலூன் கம்போடு மலை சுற்றியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வேறு என்னமோவும் வருகிறது. வழியில் யாரோ விலை கேட்டார்கள். சந்தையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்றுப் பழகிய வாய், சும்மா இருக்குமா? பாதையில் இரண்டாவதாக வரும் அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் பாதிக் கம்பு காலி. “வித்தா பலூன்காரருக்குன்னு சொன்னீங்க இல்ல” என்று காசை மடியில் தனியாக முடிந்துகொண்டார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் இருக்கும் பகுதியில் கொஞ்சம் காற்று வந்தது. ஒரு வெள்ளைக்காரர் எங்கள் மூவரையும் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மாமனார் பக்கம் திரும்பி, “உங்க கெணத்து மோட்டார் எப்படி ஓடுதுங்க?” என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் நான் கட்டிக்கொடுத்த காயில் அது.

“ஓடுது. நீங்க கட்டினதுல அது ஒண்ணுதான் இன்னும் எரியல” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரம் போன பிறகு, “நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனி, ஆடி, ஆவணி என்று மாதா மாதம் பூக்கடை ஓரத்தில் நாலு மணிக்குச் சந்திப்போம். ஆறு மணிக்கு மாமனார் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு மலை சுற்றக் கிளம்புவார். திண்டிவனம் ரோட்டில் ஊருக்கு வெளியே நிற்கும் பஸ்ஸில் ஏற்றிவிடும் வரை குழந்தை என் தோளில். கோர்ட் கொடுத்த இரண்டு மணி நேரத்தில் பாதி கூட்டத்தில் போகும். கோர்ட் கொடுக்காத நேரத்தில்தான் என் மகள் எனக்குப் பழகினாள். நிலாவைக் காட்டி, “இதுவும் உங்க பலூனா?” என்று கேட்டாள். ஆமாம், கம்பிலிருந்து அறுந்துபோனது என்றேன். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பேரும் நடக்கிறார்களா என்று கேட்டாள். மாமனாரைப் பார்த்தேன். “எங்கிட்ட கேக்காதீங்க, உங்க ரத்தம்” என்றார்.

ஆவணியில் மாமனார் பையிலிருந்து புளிசாதப் பொட்டலங்களை எடுத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று குழந்தைக்கு, மூன்றாவது மிச்சம் இருந்தது.

“தப்பா ஒண்ணு ஜாஸ்தி வச்சிட்டாங்க போல” என்றேன்.

“எண்ணத் தெரியாதவ இல்ல எம் பொண்ணு. சாப்புடுங்க.”

குடித்தனம் நடத்திய காலத்தில் அவள் புளிசாதத்தை நான் கிண்டல் செய்யாத நாளில்லை. அன்றைக்கு இலையில் ஒட்டிய பருக்கையைக்கூட விடவில்லை.

ஐப்பசியில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. கிரிவலக் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகுகிறது, கார்த்திகை தீபம் வேறு வருகிறது, குழந்தையின் பாதுகாப்பை முன்னிட்டு இனிமேல் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கோர்ட் வளாகத்தில், சிப்பந்தி ஒருவர் முன்னிலையில், இரண்டு மணி நேரம் என்று மாற்ற வேண்டும். எதிர்மனுதாரர், அதாவது குழந்தையின் அம்மா, கேட்டிருந்தாள்.

வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். “எதிர்க்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. கூட்டம் நெசந்தான்.”

“சார், நான் ஆறு மணிக்கு மேலயும்...” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். “இத வெளியில சொன்னீங்கன்னா உத்தரவ மீறினதா ஆயிடும். உங்களுக்கும் ஆகாது, அந்தப் பெரியவருக்கும் ஆகாது. அங்க வந்து வாயத் திறக்காதீங்க.”

நான் எதை இழக்கப்போகிறேனோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. கோர்ட் வராந்தா பெஞ்சில் என் மகளும் நானும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். சிப்பந்தி ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே மணி அடித்தால் அடித்ததுதான். வருஷக் கடைசியில் அவள் எனக்கு மறுபடி யாரோவாகிவிடுவாள்.

விசாரணையன்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு அதிசயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர்கள் வக்கீல் நன்றாகப் பேசினார். நீதிபதி தலையசைத்துக்கொண்டே கேட்டார். எழுதப் பேனாவை எடுத்தார். எடுத்தவர், மாமனார் பக்கம் திரும்பினார்.

“குழந்தையைக் கூட்டிட்டு வர்றது நீங்கதானே? நீங்க என்ன சொல்றீங்க?”

மாமனார் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“பௌர்ணமியே இருக்கட்டும்ங்க.”

அவர்கள் வக்கீல் சட்டென்று திரும்பினார். நீதிபதி கேட்டார். “ஏன்? கூட்டத்துல உங்களுக்கும் கஷ்டம்தானே?”

“என்னால புள்ளையத் தூக்கிக்கினு மலை சுத்த முடியாதுங்க. அந்தாளு தூக்கறாரு.”

“மலை சுத்தறதா? எத்தனை மணிக்கு?”

“ஆறு மணிக்கு மேலங்க.”

என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆறு மணி வரைக்கும்னுதானே உத்தரவு?”

“ஆமாங்க. ஆறு மணிக்கு நானு கடியாரம் பார்த்துடுவேங்க. ஆனா தூங்கற புள்ளைய எழுப்பி, உங்கப்பாவுக்கு டைம் முடிஞ்சிடுச்சுன்னு எப்படிங்க சொல்றது? நீங்கதான் சொல்லணும்.”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி, சுவரோரமாக நின்றிருந்த குழந்தையின் அம்மாவைப் பார்த்தார்.

“இது உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்ங்க ஐயா” என்றாள். “மூணு பேருக்கும் சோறு கட்டிக் குடுக்கறது நான்தாங்க.”

“அப்புறம் எதுக்கு இந்த மனு?”

“தீபத்துக் கூட்டம்னா எனக்கு பயம்ங்க. அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் மாத்திக் கேளுங்கன்னுதான் சொன்னேன். வக்கீல் ஐயா எல்லா மாசத்துக்கும் சேர்த்துப் போட்டுட்டாரு.”

வக்கீல் ஐயா தன் கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். நீதிபதி மாமனாரைக் கேட்டார். “மலை சுத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது நடக்கறவங்களப் பொறுத்துங்க.”

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். கார்த்திகை மாதம் மட்டும் தீபம் முடிந்த பின் வரும் சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில். மற்ற மாதங்களில் பௌர்ணமி மாலை நாலு மணியிலிருந்து, மலை சுற்றி முடியும் வரை. அதை உரக்கப் படித்தார். படிக்கும்போது தலை நிமிரவில்லை, ஆனால் அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. பிறகு மாற்றலாகி எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. எந்த ஊராக இருந்தாலும் அவர் வீட்டுக் கிணற்றில் வற்றாமல் தண்ணீர் இருக்கட்டும், மோட்டார் எரியாமல் இருக்கட்டும்.

வராந்தாவில் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். வழக்கமான சிரிப்பு ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, “புளிசாதம் நல்லா இருந்தது” என்றேன்.

“உப்பு கம்மின்னு அப்பா சொன்னாரு” என்றாள்.

“எனக்குச் சரியா இருந்தது.”

அவள் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். ஒரு பேச்சு எங்களுக்குள் முடிவோடு முடிந்தது அப்போதுதான்.

அதன்பிறகு திருவண்ணாமலையில் என்னைப்போல் மெதுவாக மலை சுற்றியவன் கிடையாது. ஒவ்வொரு லிங்கத்திலும் நிற்பேன். நந்திகளை நலம் விசாரிப்பேன். காலில் முள் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து எடுப்பேன். சட்டம் என் பக்கம் இருந்தது. “மனுதாரரே, இப்படி நடந்தா ஈசான்ய லிங்கம் போறதுக்குள்ள அடுத்த பௌர்ணமி வந்துடும்” என்பார் மாமனார். அந்தப் பெயரில் இருந்த குத்து எந்த மாதம் உதிர்ந்தது என்று தெரியவில்லை. தோளில் இருந்த மகள் ஒரு கட்டத்தில் இறங்கி நடந்தாள், பிறகு எனக்கு முன்னால் நடந்தாள், பிறகு திரும்பிப் பார்த்து, “சீக்கிரம் வாங்கப்பா” என்றாள்.

கோர்ட் உத்தரவுக்கு வயசு உண்டு. குழந்தைக்குப் பதினெட்டு முடிந்தால் அது தானாகச் செத்துப்போகும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து அந்த நாளும் வந்தது. அடுத்த பௌர்ணமிக்குப் பூக்கடை ஓரத்தில் நாலு மணிக்குப் போய் நின்றேன். யாரும் வர வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அவள் காலேஜில் சேர்ந்திருந்தாள், சிநேகிதிகள் இருந்தார்கள், வேறு வேலை இருக்கும். செல்போனைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நானாகக் கூப்பிடக் கூடாது என்று ஒரு வைராக்கியம். பக்கத்தில் யாரோ ஒரு பலூன்காரன் கம்போடு நின்றான். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லலாமா, என்னை மறைக்கிறானே என்றுகூட நினைத்தேன்.

நாலேகாலுக்குக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் காலேஜ் பை, கையில் மஞ்சள் பை.

“பஸ்ஸ அவலூர்ப்பேட்டை ரோட்டுப் பக்கம் திருப்பி விட்டுட்டாங்கப்பா. அங்கருந்து நடந்தே வரேன்” என்றாள். செருப்பைக் கழற்றிப் பூக்கடையில் போட்டாள்.

“தாத்தா வரல?”

“முட்டி வலி. இந்த மாசம் முடியாதுன்னுட்டாரு.” மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே பொட்டலங்கள் சூடாக இருந்தன. “அம்மா குடுத்தாங்க. தாத்தா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

“இன்னா?”

“மனுதாரர மெதுவாவே நடக்கச் சொல்லுன்னாரு.”